நாற்கரச் சாலையை விட்டு இறங்குங்கள்: சேலம்–நாமக்கல் சமவெளியில் ஒரு கோடைச் சுற்று

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு தேசிய நெடுஞ்சாலை 44 வழியாக ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். அந்த ஒரு மணி நேரத்தில் சாலை நடுவே அரளிச் செடி, ஓரத்தில் இரும்புத் தடுப்பு, சுங்கச்சாவடி, லாரியின் பின்பக்கம் ஆகியவற்றைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டீர்கள். இந்த அத்தியாயம் அதே நிலத்தை ஊர்ச் சாலைகளில் ஒரு முழுநாள் சுற்றிவருவதற்கானது. மொத்தத் தூரம் சுமார் 200 கி.மீ. சேலத்தில் தொடங்கி சேலத்தில் முடியும்.

கோடையில் இந்தப் பக்கம் யாராவது ஊர் சுற்றுவார்களா என்று கேட்பார்கள். ஏற்காடும் கொல்லிமலையும் இருக்கும்போது சமவெளி எதற்கு என்பது நியாயமான கேள்விதான். ஆனால் மே மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டிகளுக்கு நடுவே நின்று பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். கோடையில்தான் நுங்கும் மாம்பழமும் கிடைக்கும். சரக்கொன்றையும் புங்கமும் பூப்பதும் அப்போதுதான். தேர்த்திருவிழாக்களும் அந்த மாதங்களில் நிறைய. ஒரே ஒரு நிபந்தனை: வழியை வெயிலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். விடிகாலையில் மலையடிவாரம், நடுப்பகலில் ஓய்வு, சாயங்காலம் ஆற்றங்கரை. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் அதே சாலைகள் தண்டனையாகிவிடும்.

கிளம்பும் முன்

கூகுள் மேப்பில் "சேலம் – நாமக்கல்" என்று போட்டால் அது எப்படியும் உங்களை நாற்கரச் சாலைக்கே இழுத்துப்போகும். சுங்கச்சாலையைத் தவிர்க்கச் சொன்னாலும் இடையில் ஓர் இணைப்புச் சாலை வழியே மறுபடி அங்கேயே கொண்டுவந்து விடும். சின்ன ஊர்களை ஒவ்வொன்றாக நிறுத்தங்களாகப் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் பனமரத்துப்பட்டி, மல்லூர், வெண்ணந்தூர், ராசிபுரம். பிறகு சிங்களாந்தபுரம், பேளுக்குறிச்சி, சேந்தமங்கலம், நாமக்கல். மதியத்துக்கு மேல் மோகனூர், பரமத்தி வேலூர், பாண்டமங்கலம், ஜேடர்பாளையம், சோழசிராமணி, திருச்செங்கோடு, ஆட்டையாம்பட்டி. எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவைத்தாலும் தப்பில்லை. மலையடிவாரத்தில் சில இடங்களில் சிக்னல் போய்விடும்.

கிலோமீட்டர் கல்லைப் பார்த்து ஓட்டும் பழக்கம் இருந்தால் இன்னும் நல்லது. கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. கறுப்போ நீலமோ தெரிந்தால் மாவட்டச் சாலை. ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. நாம் தேடுவது பெரும்பாலும் கறுப்பும் பச்சையும்தான். ஆரஞ்சுக் கல் வந்தால் எதிரே பேருந்து வராத இடமாகப் பார்த்து ஓட்டுங்கள். இரண்டு கார் விலகுவதற்கே சாலையோர மண்ணில் இறங்க வேண்டியிருக்கும்.

வழி கேட்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். இங்கே பெரியவர்கள் இடப்பக்கம், வலப்பக்கம் என்று சொல்வது அரிது. "இப்படியே மேக்க போங்க, கோயில் தாண்டி தெக்க திரும்புனா இட்டேரி வரும், அதுல போயிடாதீங்க" என்பார்கள். சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மனதில் ஒரு கணக்கு வைத்துக்கொண்டால் இந்த ஊர்களில் வழி தவறாது. இட்டேரி என்பது இருபுறமும் கிளுவை வேலி கட்டிய மாட்டுவண்டித் தடம். நடப்பதற்கு அருமையான இடம். காரை மட்டும் விடாதீர்கள். வேலிமுள் டயரைப் பார்த்துக்கொண்டே இருக்கும், திருப்ப இடமும் இருக்காது.

வண்டியைப் பொறுத்தவரை மூன்றே விஷயம். டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடிச் சூடாகும் முன் பாருங்கள். ரேடியேட்டர் கூலன்ட் அளவைப் பாருங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் குடிநீர் எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சர், மெக்கானிக் பற்றிய கவலை வேண்டாம். லாரிக்குப் பாடி கட்டுவது நாமக்கல்லின் தொழில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்குத் திருச்செங்கோடு பேர்போனது. வண்டியைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் வேறெங்கும் இவ்வளவு நெருக்கமாக இருப்பார்கள் என்று தோன்றவில்லை.

விடிகாலை: அரளித் தோட்டமும் மலை நிழலும்

ஐந்தரைக்குச் சேலத்தை விட்டு வெளியே வந்துவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஆறு மணியை ஒட்டி விடிந்துவிடுகிறது. நாமக்கல்லைப் பத்து மணிக்குள் அடைவது கணக்கு.

முதல் நிறுத்தம் பனமரத்துப்பட்டி. இந்த வட்டாரம் அரளிப் பூவுக்குப் பேர்போனது. இருட்டு பிரியும் முன்பே தோட்டங்களில் மொட்டுப் பறிக்கத் தொடங்கிவிடுவார்கள். விடிந்த கொஞ்ச நேரத்தில் பைகள் சேலம் பூ மார்க்கெட்டுக்குப் புறப்பட்டுவிடும். தோட்டத்துக்குள் இறங்குவதானால் கேட்டுவிட்டு இறங்குங்கள். குழந்தைகளோடு போனால் செடியை ஒடிக்கவோ வாயில் வைக்கவோ விடாதீர்கள். அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு.

ஊரை ஒட்டிய ஏரியை ஜருகுமலை பின்னணியில் பார்க்கலாம். சேலம் நகரத்தின் குடிநீருக்காக 1911ல் உருவாக்கியது. மேட்டூர்த் தண்ணீர் வந்த பிறகு நகரம் இதை மறந்துவிட்டது. பல ஆண்டுகளாகச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த பரப்பு இது. அழகை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஒரு நகரம் தன் பழைய தண்ணீரை எப்படி வைத்திருக்கிறது என்று பார்க்க ஐந்து நிமிடம் நிற்கலாம்.

அங்கிருந்து மல்லூர். நாற்கரச் சாலையைக் கடந்து மேற்கே வெண்ணந்தூர்ப் பக்கம் திரும்பினால் தறிச் சத்தம் கேட்கும் ஊர்கள். ராசிபுரத்தில் காலைச் சிற்றுண்டியை முடித்துவிடுங்கள். வெண்ணெய்க்கும் நெய்க்கும் பெயர்பெற்ற ஊர். இட்லி, தோசையே போதும். நெய் தோசை என்றால் இன்னும் நல்லது.

இனிமேல்தான் இந்தச் சுற்றின் சிறந்த பகுதி. ராசிபுரத்திலிருந்து சிங்களாந்தபுரம், பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி, சேந்தமங்கலம் என்று தெற்கே இறங்கும் சாலை. இடப்பக்கம், அதாவது கிழக்கே, கொல்லிமலை சுவராக எழுந்து நிற்கும். சூரியன் அந்தச் சுவரின் பின்னாலிருந்து ஏறி வரவேண்டும் என்பதால் விடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அடிவாரம் மலை நிழலிலேயே கிடக்கும். கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். மழை பெய்த மறுநாளாக இருந்தால் மண் வாசத்தோடு வேப்பம்பூ வாசமும் வரும். ஒரு குறை உண்டு. காலையில் மலையின் மேற்கு முகம் இருட்டாகவும் புகை மூட்டமாகவும் தெரியும். படம் எடுத்தால் சாம்பல் நிறம்தான் வரும். பாறையும் பள்ளமும் மஞ்சள் வெயிலில் துலங்க வேண்டுமென்றால் மாலை நாலரைக்கு மேல் வரவேண்டும். குளிர்ச்சியா, காட்சியா என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். நான் குளிர்ச்சியைத் தேர்ந்தெடுப்பேன்.

சாலையின் இருபுறமும் மரவள்ளி. இந்த ஊர்க்காரர்கள் குச்சிக்கிழங்கு என்பார்கள். கோடையில் பல காடுகளில் அது இடுப்பளவுப் பச்சையாக நிற்கும். இந்தக் கிழங்கிலிருந்துதான் ஜவ்வரிசி. சேலத்தில் 1981ல் தொடங்கிய சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் அதை ஏலத்தில் விற்றுத் தருகிறது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வழியில் ஆலைகள் தென்படும். ஆலை ஓடும் காலமாக இருந்தால் களத்தில் மாவும் ஜவ்வரிசியும் காய்வது கண் கூசும் வெள்ளையாகத் தெரியும். கழிவுநீரின் புளித்த வாடையும் கூடவே வரும். அந்த நேரத்தில் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை என்றால் பேளுக்குறிச்சிச் சந்தையை விடாதீர்கள். மிளகு, சீரகம், கடுகு, மல்லி என்று மளிகைச் சாமான்களுக்குப் பெயர்போன சந்தை. வருடத்துக்கு வேண்டிய மசாலாவைக் கோடை தொடங்கும்போதே வாங்கி, காயவைத்து அரைத்து வைக்கும் குடும்பங்கள் வெளியூரிலிருந்தும் வருகின்றன. காலையிலேயே கூட்டம் கூடிவிடும். காரைச் சாலையோரம் செருகாமல் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். பக்கத்திலேயே கூவைமலையில் பழனியப்பர் கோயில் இருக்கிறது.

காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறும் சாலை பிரிகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகள். இன்றைக்கு ஏறாதீர்கள். அது தனி நாள், இந்த நூலில் தனி அத்தியாயம்.

நடுப்பகல்: நாமக்கல்லில் நில்லுங்கள்

நாமக்கல்லை ஒரே பாறையைச் சுற்றி எழுந்த ஊர் என்று சொல்லலாம். பாறையின் மேல் கோட்டை, மேற்கு அடிவாரத்தில் நரசிம்மர் குடைவரை, கிழக்குப் பக்கம் அரங்கநாதர் குடைவரை. எட்டாம் நூற்றாண்டில் அதியமான் மரபினர் குடைந்தவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அரங்கநாதர் குடைவரைக் கல்வெட்டு அதை 'அதியேந்திர விஷ்ணு கிருகம்' என்று குறிப்பிடுகிறது. நரசிம்மர் சன்னிதியில் கூட்டத்தோடு நகர்ந்து போய்விடாமல் பக்கச் சுவர்களைப் பாருங்கள். இரணியனைக் கிழிக்கும் நரசிம்மரும், வராகரும், காலைத் தூக்கிய திரிவிக்கிரமரும் மலையிலேயே செதுக்கியவை. தென்னிந்தியக் குடைவரைச் சிற்பங்களில் இவற்றுக்கு இணையானவை அதிகமில்லை என்பது என் எண்ணம். எதிரே திறந்த வானத்தின் கீழ் 18 அடி ஆஞ்சநேயர்.

கோட்டைக்கு ஏறுவதானால் பத்தரைக்குள் ஏறி இறங்கிவிடுங்கள். அதற்கு மேல் பாறை காலைச் சுடும். நடுப்பகலில் கோயில் நடையும் சாத்திவிடுவார்கள்.

பன்னிரண்டு முதல் மூன்றரை வரை வண்டி ஓட்ட வேண்டாம். அக்கினி நட்சத்திர நாட்களில் இந்தச் சமவெளியில் 40 டிகிரியைத் தொடுவது புதிதல்ல; தார்ச் சாலையில் கானல் ஓடும்போது எதிரே வரும் இருசக்கர வண்டி தெரியவே நேரமாகும். ஒரு விடுதி அறையை அரைநாளுக்கு எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் நினைவு இல்லத்துக்குப் போய்விட்டு, சாப்பிட்டு, நிழலான இடத்தில் காலை நீட்டுங்கள். சாப்பாட்டை இரண்டு மணிக்குள் முடியுங்கள். சின்ன மெஸ்களில் அதற்கு மேல் குழம்பு தீர்ந்துபோகும். முட்டையின் தலைநகரத்தில் ஒரு ஆம்லெட்டாவது சாப்பிடாமல் போவது மரியாதையில்லை.

கழிப்பறை பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பெண்களோடு போகிறவர்கள் ராசிபுரம், நாமக்கல், பரமத்தி வேலூர், திருச்செங்கோடு ஆகிய நான்கு ஊர்களையும் இதற்கான நிறுத்தங்களாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்ரோல் பங்குகளில் கேட்டால் சாவி தருவார்கள். இடையில் உள்ள ஊர்களில் எதிர்பார்க்க முடியாது.

சாயங்காலம்: ராஜவாய்க்காலோடு

கோடையில் தண்ணீரைப் பார்க்க எங்கே போவது என்பதில் ஒரு தந்திரம் இருக்கிறது. மேட்டூர் அணையின் கிழக்குக் கரை, மேற்குக் கரைக் கால்வாய்களில் வழக்கமாக ஆகஸ்டு முதல் டிசம்பர் வரைதான் பாசனத் தண்ணீர். ஏப்ரலில் போனால் காய்ந்த மண்ணைப் பார்த்துவிட்டு வரலாம். ராஜவாய்க்கால் வேறு. ஜேடர்பாளையத்தில் காவிரியின் குறுக்கே உள்ள அணைக்கட்டிலிருந்து பிரிந்து, பாண்டமங்கலம், வேலூர் வழியாக மோகனூர்ப் பக்கம் வருகிறது. பராமரிப்புக்காக அடைக்கும் காலம் தவிர, கோடையிலும் அதில் ஓட்டம் இருக்கும். 17ஆம் நூற்றாண்டில் பரமத்தியை ஆண்ட அல்லாள இளைய நாயக்கர் வெட்டியது என்று சொல்கிறார்கள். ஜேடர்பாளையத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது.

நாமக்கல்லிலிருந்து மோகனூர் சுமார் 18 கி.மீ. கோழிப்பண்ணைகள் வழியில் தொடர்ந்து வரும். நீளமான கூரைகளும் தீவன லாரிகளும் வாடையும் சேர்ந்தே. மோகனூரில் காவிரியைப் பாருங்கள். நாமக்கல் கவிஞர் பிறந்த ஊர் இது. அங்கிருந்து ஆற்றை ஒட்டி மேற்கே திரும்பியதும் நிலம் வேறாகிவிடும். காலையில் பார்த்த மேட்டுக்காடும் முள்வேலியும் போய், தென்னை, வாழை, கரும்பு. அகத்தி மரங்களில் ஏறும் வெற்றிலைக் கொடிக்கால்கள் வேலூர், பொத்தனூர், பாண்டமங்கலம் பக்கம் நெருக்கமாக இருக்கும். கொடிக்காலுக்குள் இரண்டு அடி வைத்தாலே வெயில் குறைந்தது தெரியும். செருப்பைக் கழற்றச் சொன்னால் மறுக்காமல் கழற்றுங்கள்.

இந்தச் சாலையில் மேற்கு நோக்கி ஓட்டுவதால் சாயங்கால வெயில் நேரே கண்ணில் அடிக்கும். தென்னை நிழல் விட்டு விட்டு விழுவதும் கண்ணை ஏமாற்றும். கறுப்புக் கண்ணாடி வேண்டும், வேகம் 40க்கு மேல் வேண்டாம். கரும்பு ஏற்றிய டிராக்டர்களில் பின்விளக்கு இருக்காது. வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகை எதிலாவது புகை வந்தால் நிறுத்திக் கேளுங்கள். பிலிக்கல்பாளையத்தில் வெல்லத்துக்கென்றே ஏலச் சந்தை கூடுகிற பகுதி இது. சூடான பாகில் கொஞ்சம் தரச் சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வாங்கும்போது வெளுத்த வெல்லத்தைத் தேடாதீர்கள், கறுத்ததே நல்லது.

ஜேடர்பாளையத்தில் பூங்கா, அணைக்கட்டு, வறுத்த மீன். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்காது, மற்ற நாட்களில் உட்கார இடம் கிடைக்கும். குளிப்பது பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உள்ளூர்க்காரர்கள் குளிக்கும் இடத்தில் மட்டும், இடுப்பளவுத் தண்ணீருக்குள் குளியுங்கள். மணல் அள்ளிய குழிகள் மேலிருந்து தெரியாது. மேலே வரிசையாகக் கதவணைகள் இருப்பதால் நீர்மட்டம் சொல்லாமல் உயரும். நீந்தத் தெரியும் என்ற தைரியம் காவிரியில் பலரைக் கொன்றிருக்கிறது.

ஐந்தரைக்குக் கிளம்பினால் சோழசிராமணிக் கதவணையைப் பார்த்துவிட்டு, இருட்டும் நேரத்துக்குத் திருச்செங்கோடு. மலைமேல் அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குக் கார் ஏறும் பாதை உண்டு. வைகாசி விசாகத் தேர் நாட்களில் மட்டும் ஊருக்குள் வண்டியோடு நுழையாதீர்கள். தேர் பார்க்கவே வருகிறீர்கள் என்றால் பேருந்தில் வாருங்கள். இங்கிருந்து சேலம் சுமார் 45 கி.மீ. வழியில் ஆட்டையாம்பட்டியில் கைமுறுக்கு வாங்கிக்கொள்ளலாம்.

நுங்கு, தெளுவு, மாம்பழம்

சாலையோரப் பனைகளுக்கடியில் காலையில் தெளுவு கிடைக்கும். பதநீரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். எட்டு மணிக்குள் குடியுங்கள். வெயில் ஏறினால் புளிக்கத் தொடங்கும். நுங்கைக் கண்ணெதிரே சீவித் தரச் சொல்லுங்கள். மாம்பழத்தில் சேலம் குண்டும் மல்கோவாவும் இமாம் பசந்தும் மே மாதத்தில் நன்றாக இருக்கும். பழமாக வாங்குவதைவிட முற்றிய காயாக வாங்கி, வீட்டில் வைக்கோலில் வைத்துப் பழுக்கவிடுங்கள். கல் வைத்துப் பழுத்ததோ என்ற சந்தேகம் இருக்காது.

எச்சரிக்கைகள்

கோடையில் எள்ளும் சோளத்தட்டும் சாலையில் காயப்போடுவது இங்கே வழக்கம். சுற்றிப்போக முடிந்தால் சுற்றிப்போங்கள். தட்டு அச்சில் சுற்றிக்கொண்டு, சைலன்சர் சூட்டில் தீப்பிடித்த வண்டிகள் உண்டு. ஏறித்தான் ஆகவேண்டும் என்றால் கடந்ததும் நிறுத்தி, அடியில் குனிந்து பாருங்கள்.

பெயின்ட் அடிக்காத வேகத்தடை ஒவ்வொரு ஊர் நுழைவிலும் இருக்கும். பள்ளிக்கூடமோ கோயிலோ தெரிந்தால் தடை இருப்பதாகவே நினைத்து ஓட்டுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் கொல்லிமலைப் பக்கம் மேகம் கறுத்தால் சாயங்காலம் காற்றோடு கோடை மழை வரும். வாழைத் தோட்டங்களைச் சாய்த்துவிட்டுப் போகிற காற்று அது. மரத்தடியிலும் தென்னைக்குக் கீழும் வண்டியை நிறுத்தாதீர்கள். பெட்ரோல் பங்கு, மண்டபம் என்று கூரையுள்ள இடத்தில் ஒதுங்குங்கள். ரயில் பாதைக்குக் கீழே போகும் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கியிருந்தால் ஆழம் பார்க்க வண்டியை இறக்காதீர்கள்.

முழுநாள் கையில் இல்லாதவர்களுக்குச் சேலத்திலிருந்து இன்னொரு வழி உண்டு. இளம்பிள்ளை, எடப்பாடி வழியாகப் பூலாம்பட்டி. போகிற வழியில் கஞ்சமலைச் சித்தர் கோயிலைப் பார்த்துக்கொள்ளலாம். பூலாம்பட்டியில் கதவணைத் தேக்கத்தில் காவிரி கரை தொட்டு நிற்கும். அக்கரை நெரிஞ்சிப்பேட்டைக்குப் படகு போகிறது. அரைநாள் போதும், குழந்தைகளுக்கும் பிடிக்கும். ஆனால் கூட்டமும் அதிகம், குப்பையும் அதிகம். இரண்டில் ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால் பூலாம்பட்டியை விட்டுவிடுங்கள். ராசிபுரம்–பேளுக்குறிச்சி–சேந்தமங்கலம் சாலையை மட்டும் விடிகாலையில் ஓட்டிவிட்டு, பத்து மணிக்கு வீட்டுக்குத் திரும்புங்கள்.